பழைய ஸ்விஃப்ட்டை டிராக் காராக மாற்றுவது: எதில் தொடங்குவது, எதைத் தள்ளிப்போடுவது

"வீட்டில் 2010 ஸ்விஃப்ட், 1.2 பெட்ரோல், சும்மா நிற்கிறது. 5 லட்சம் வரை செலவழிக்கலாம். டிராக்கில் ஓட்டும் காராக மாற்ற வேண்டும். கொஞ்ச நாள் கழித்துப் பந்தயத்திலும் இறங்க ஆசை. ரீமேப், எக்ஸாஸ்ட், டர்போ என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். முதலில் இன்ஜினில் கை வைக்கலாமா?" என்பது கேள்வி.

வேண்டாம். இன்ஜினுக்குக் கடைசியில் வரலாம். உங்களிடம் இருக்கும் கே12எம் இன்ஜின் நல்ல இன்ஜின். அலுமினியம் பிளாக், டைமிங் செயின், 85 குதிரைத்திறன். டிராக் கற்றுக்கொள்ள இது தாராளம். அந்த 85 குதிரைத்திறனை இருபது நிமிடம் விடாமல் பயன்படுத்தும்போது காரின் மற்ற பாகங்கள் தாங்குமா என்பதுதான் பிரச்சினை. சாலையில் எவ்வளவு முரட்டுத்தனமாக ஓட்டினாலும் நடுவில் ஒரு லாரி வரும், சிக்னல் வரும், வண்டி கொஞ்சம் ஆறிவிடும். டிராக்கில் அந்த ஓய்வே கிடையாது. சென்னை அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டை டிராக் ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர், 12 திருப்பங்கள். அங்கே ஏப்ரல் வெயிலில் பிரேக், ஆயில், டயர், கூலன்ட் எல்லாமே ஒரே நேரத்தில் சூடாகும். நீங்கள் கட்டப்போகும் கார் அந்தச் சூட்டைத் தாங்க வேண்டும். ஒவ்வொரு ரூபாயையும் இதை மனதில் வைத்தே செலவழியுங்கள்.

வேலையைத் தொடங்கும் முன் இரண்டு விஷயங்களைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, இந்த கார் இனி சாலையில் ஓடுமா, ஓடாதா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கும் ஆர்.சி. விவரத்துக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. இன்ஷூரன்ஸும் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் செல்லாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். முழு ரோல் கேஜ் (கார் உருண்டாலும் ஓட்டுநரைக் காக்க உள்ளே பொருத்தும் இரும்புக் குழாய்க் கூடு) போட்ட காரை ஹெல்மெட் இல்லாமல் ஓட்டினால், சின்ன மோதலில்கூடத் தலை இரும்புக் குழாயில் போய் அடிக்கும். அதனால் பாதி சாலை, பாதி டிராக் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். 2010 வண்டி என்பதால் 15 வருடப் பதிவுக் காலமும் முடிந்திருக்கும் அல்லது முடியும் தறுவாயில் இருக்கும். டிராக்குக்கென்றே ஒதுக்கி, டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோவதே நேர்வழி.

இரண்டாவது, எந்தப் பந்தயப் பிரிவில் ஓட்டப்போகிறீர்கள் என்பது. நாட்டின் மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. ஒவ்வொரு பிரிவுக்கும் விதிமுறை வெளியிடுகிறது. எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது, குறைந்தபட்ச எடை என்ன, எந்த டயர் என்பதெல்லாம் அதில் இருக்கும். காரை வெட்டிய பிறகு விதிமுறையைப் படித்தால், பணம் போட்டுச் செய்த வேலையைப் பிரித்துப்போட நேரும். கோவையிலேயே இருந்தால், செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தய டிராக் பக்கத்திலேயே இருக்கிறது. பந்தய கார் கட்டிப் பழகிய கைகள் அந்த ஊரில் நிறைய. யாராவது ஒருவர் கட்டிய காரை நேரில் பார்த்து, கேஜ் எங்கே ஊன்றியிருக்கிறது, வயரிங் எப்படிப் போகிறது என்று கவனித்துவிட்டு வாருங்கள். பல வீடியோக்கள் பார்ப்பதைவிட அது மேல்.

சரி, இனி வேலைக்கு வருவோம்.

கேஜும் சீட்டும் முதலில். இதில் பணத்தை மிச்சம் பிடிக்கவே கூடாது. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிப்படி கேஜ் குழாய், கோல்டு டிரான் சீம்லெஸ் (வெல்டு மூட்டே இல்லாத) கார்பன் ஸ்டீல். ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் முக்கிய வளைவுக்கு 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிமனும், அல்லது 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிமனும் வேண்டும். இரும்புக் கடையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் ஈ.ஆர்.டபிள்யூ. குழாய். தகட்டைச் சுருட்டி நீளவாக்கில் வெல்டு வைத்தது. கேட் செய்யவும் கட்டில் செய்யவும் அது போதும். கார் உருளும்போது ஓர் உயிரைத் தாங்க அது போதாது. பெயின்ட் அடித்துவிட்டால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அதனால் குழாயின் டெஸ்ட் சர்டிஃபிகேட்டைக் கேட்டு வாங்கி, வெட்டும்போது கூடவே நில்லுங்கள்.

கேஜ் எங்கே ஊன்றுகிறது என்பதும் குழாய் அளவுக்கு முக்கியம். ஸ்விஃப்ட்டின் தரைத் தகடு மெல்லியது. குழாயை நேரடியாக அதில் நிறுத்தினால், விபத்தில் குழாய் வளையாது. தகட்டைக் குத்திக்கொண்டு கீழே போகும். அதனால் ஒவ்வொரு காலுக்கும் அடியில் குறைந்தது 3 மி.மீ. தடிமனில், முக்கிய வளைவின் கால்களுக்கு 120 சதுர செ.மீ. பரப்புக்குக் குறையாமல், தாங்குதகடு வேண்டும். அந்தத் தகடு வெறும் தரையில் உட்காராமல், கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியோடு மடிந்து இணைந்தால் பலம் பல மடங்கு கூடும். கதவுப் பக்கம் குறுக்குக் குழாய் கட்டாயம். பக்கவாட்டில் இன்னொரு கார் வந்து மோதினால் உங்கள் இடுப்புக்கும் அதற்கும் நடுவில் இருப்பது அதுதான்.

சீட், ஹார்னஸ் (பந்தய சீட் பெல்ட்) இரண்டிலும் எஃப்.ஐ.ஏ. லேபிள் இருக்க வேண்டும், அதில் தேதி காலாவதியாகாமல் இருக்க வேண்டும். 8855-1999 என்று போட்ட சீட்டுக்கு ஆயுள் 5 வருடம். பழைய சீட்டை மலிவாக வாங்கி ஸ்க்ரூட்டினியில், அதாவது பந்தயத்துக்கு முன் நடக்கும் கார் சோதனையில், திரும்பி வந்தவர்கள் உண்டு. நான்கு முனை பெல்ட் வேண்டாம். மோதலில் உடம்பு பெல்ட்டுக்கு அடியில் வழுக்கி, இடுப்புப் பட்டை வயிற்றில் ஏறிவிடும். அதைத் தடுக்கத்தான் கால்களுக்கு நடுவில் வரும் பட்டைகள், ஆகவே ஆறு முனை. தோள் பட்டைகள் பின்னால் கேஜின் குறுக்குக் குழாய்க்கு ஏறக்குறைய சமமட்டமாகப் போக வேண்டும். செங்குத்தாகத் தரைக்கு இறக்கினால் மோதலின்போது முதுகெலும்பைக் கீழ்நோக்கி அமுக்கும். இத்தோடு ஹான்ஸ் (மோதலில் கழுத்தைக் காக்கும் கருவி), தீயணைப்பான், வெளியிலிருந்தும் இழுக்கக்கூடிய பேட்டரி கட்-ஆஃப். இவற்றிலேயே உங்கள் பட்ஜெட்டில் பெரிய பங்கு போய்விடும். போகட்டும்.

கேஜ் போடுவதற்கு முன்பே காரைக் காலி செய்துவிட வேண்டும். பின் சீட், கார்ப்பெட், ரூஃப் லைனிங், ஆடியோ, ஏ.சி. முழுவதும், ஸ்டெப்னி எல்லாம் வெளியே. தரையில் ஒட்டியிருக்கும் தார் ஷீட்டை ஹீட் கன் வைத்துச் சுரண்டி எடுங்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை, ஆனால் வெல்டிங் பொறி பட்டு அது புகையாமல் இருக்க எப்படியும் எடுத்தாக வேண்டும். ஏர்பேக்கைக் கழற்றும்போது முதலில் பேட்டரியைத் துண்டித்து, கொஞ்ச நேரம் விட்டுப் பிறகு தொடுங்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் குறுக்கே போகும் இரும்புச் சட்டத்தையும், மோதலில் மடங்கும் ஸ்டீயரிங் தண்டையும் தொட வேண்டாம். கதவுக்குள் இருக்கும் பாதுகாப்புக் கம்பியை, பக்கக் குழாய்கள் வெல்டாகி முடியும் வரை வெட்டாதீர்கள்.

எடை குறைவதன் பலனை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்ஜின் ஆசை தானாகக் குறையும். கார் ஏறக்குறைய 1,000 கிலோ, 85 குதிரைத்திறன். கேஜ் எடையையும் சேர்த்து முடிவில் 100 கிலோ குறைத்தீர்கள் என்று வையுங்கள். இப்போது டன்னுக்கு 85-ஆக இருந்தது 94-ஆகிறது. இன்ஜினில் 9 குதிரைத்திறன் கூட்டியதற்குச் சமம். இன்ஜினில் கூட்டினால் நேர்ப்பாதையில் மட்டும்தான் லாபம். எடை குறைந்தால் பிரேக்குக்கும் டயருக்கும் திருப்பத்துக்கும் சேர்த்து லாபம், எதுவும் கூடுதலாகச் சூடாவதும் இல்லை.

அடுத்தது பிரேக். புதிதாக டிராக்குக்கு வரும் சாலை கார்களில் முதலில் கைவிடுவது இதுதான். ஒரு டன் எடையை 150 கி.மீ. வேகத்திலிருந்து 70-க்குக் கொண்டுவர, சுமார் 6.8 லட்சம் ஜூல் சக்தியை வெப்பமாக மாற்ற வேண்டும். முன் சக்கர டிரைவ் காரில் இதில் முக்கால் பங்கை முன் டிஸ்க் இரண்டும் வாங்கிக்கொள்ளும். டிஸ்க் ஒன்று 5 கிலோ என்று வைத்தால், அந்த ஒரே பிரேக்கில் அதன் சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறும். அது ஆறுவதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிடும். மூன்றாவது சுற்றில் பெடலை மிதித்தால் சாதாரண பிரேக் பேட் எரிந்த வாடை அடிக்கும், வண்டி நிற்க மறுக்கும். அதைவிட மோசமானது, பிரேக் ஆயில் கொதிப்பது. ஆயிலில் ஆவிக் குமிழ் வந்துவிட்டால் பெடல் தரை வரை போகும், பிரேக் இருக்காது.

டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்கு விதி கேட்பது 155 டிகிரிதான். நம் கடலோர ஊர்களில் ஈரம் சீக்கிரமே ஏறும். அதனால் பந்தயத்துக்கென்று வரும் அதிகக் கொதிநிலை ஆயிலை ஊற்றி, டிராக்குக்குப் போகும் முன் ஒவ்வொரு முறையும் புதிதாக மாற்றி, நான்கு சக்கரத்தின் பிரேக் லைனிலும் உள்ள காற்றை வெளியேற்றுங்கள். திறந்து வைத்த டப்பாவில் மிச்சம் இருப்பதை அடுத்த முறைக்கு வைக்காதீர்கள். டாட் 5 என்று சிலிக்கான் ஆயில் ஒன்று இருக்கிறது. எண் பெரிதாக இருக்கிறதே என்று அதை வாங்கிவிட வேண்டாம், இந்த சிஸ்டத்துக்கு அது ஒத்துவராது.

முன் பேட் மட்டும் டிராக் காம்பவுண்ட் (அதிகச் சூடு தாங்கும் வகை), ஸ்டீல் உறை போட்ட ஹோஸ், டிஸ்க்குக்குப் பின்னால் உள்ள தூசித் தகட்டைக் கழற்றிவிட்டு, பம்பரின் ஃபாக் லேம்ப் ஓட்டையிலிருந்து டிஸ்க்கின் நடுப்பகுதிக்குக் காற்றுக் குழாய். இது போதும். பின்னால் டிரம் இருப்பதை மாற்றி டிஸ்க் போடச் சொல்வார்கள். காசைக் கொடுக்காதீர்கள். பிரேக் பிடிக்கும்போது இந்த காரின் பின் சக்கரங்கள் பாதி காற்றில்தான் இருக்கும், அங்கே செய்யும் வேலை குறைவு. ஏ.பி.எஸ். இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

டயரைப் பற்றி நிறையப் பேசலாம், ஆனால் தொடக்கத்தில் வேண்டியது ஒன்றுதான்: நல்ல சாலை டயரில் பழகுங்கள். ஒட்டும் டயர், ஓட்டுநரின் குறைகளை மறைத்துவிடும். பிடி விடும்போதும் முன்னறிவிப்பே இல்லாமல் விடும். எம்.ஆர்.எஃப்., ஜே.கே. இரண்டும் பந்தய டயர் செய்கின்றன. உங்கள் பிரிவின் விதி எதைச் சொல்கிறதோ அதற்கு அப்புறம் போகலாம். காற்றழுத்தத்தைக் குளிர்ந்த டயரில் மட்டும் பார்த்துவிட்டு விடக் கூடாது. ஓடி வந்தவுடன் அளந்தால் 6, 8 பி.எஸ்.ஐ. ஏறியிருக்கும். சூடான அழுத்தத்தைத்தான் நோட்டில் எழுதி வைக்க வேண்டும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம், சஸ்பென்ஷன். இங்கேதான் அதிகம் பேர் காசைக் கொட்டி காரைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஸ்விஃப்ட்டுக்கு முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தண்டாக நிற்பது), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும், முறுக்கினால் வளைந்துகொடுக்கும் சட்டம்). காரைத் தாழ்த்தினால் நன்றாகத் திரும்பும் என்பது ஓரளவு வரை உண்மை. அந்த அளவு எங்கே முடிகிறது என்று உங்கள் காரின் முன் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார்த்தாலே தெரியும். கீழ் ஆர்ம் சேஸிஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும்போது ஸ்டாண்டர்ட் உயரத்தில் லேசாகக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். திருப்பத்தில் உடம்பு சாயும்போது வெளிப்பக்கச் சக்கரம் மேலேறும், அந்த ஆர்ம் கிடைமட்டத்தை நோக்கி வரும். அப்படி வரும்போது ஆர்மின் நுனியில் உள்ள பால் ஜாயின்ட் (பந்து மூட்டு) சற்று வெளியே தள்ளப்படும், டயரின் அடிப்பக்கம் வெளியே போகும், கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம், உங்களுக்குச் சாதகமாக மாறும். இப்போது காரை 60 மி.மீ. தாழ்த்துங்கள். நிற்கும்போதே ஆர்ம் மேல்நோக்கித் தூக்கி நிற்கும். இனி சக்கரம் மேலேறினால் பால் ஜாயின்ட் உள்ளே இழுக்கப்படும், டயர் வெளி ஓரத்தில் எழுந்து நிற்கும். கூடவே ரோல் சென்டர் (திருப்பத்தில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) தரைக்குக் கீழே போய்விடும். காரின் எடை மையம் இறங்கியதைவிட ரோல் சென்டர் அதிகம் இறங்கியதால், தாழ்த்திய கார் முன்பைவிட அதிகமாகச் சாயத் துடிக்கும். ஸ்டீயரிங் ராடின் கோணமும் கெட்டு, மேடு பள்ளத்தில் சக்கரம் தானாகத் திரும்பும்.

ஆக, 25, 30 மி.மீ. தாழ்த்தினால் போதும். அதற்குமேல் போக வேண்டுமானால் நீளமான பால் ஜாயின்ட் போட்டு ஆர்மின் கோணத்தைத் திருத்தியாக வேண்டும். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தும் வேலை மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம். ஷாக் அப்சார்பருக்கு ஓட இடமே இருக்காது. திருப்பத்தின் நடுவில் அது பம்ப் ஸ்டாப்பில் (ஓட்டத்தின் முடிவில் உள்ள ரப்பர் தடுப்பில்) போய் இடித்த நொடியில் அந்தச் சக்கரத்தின் பிடி போய்விடும்.

உயரத்தைவிட ஸ்பிரிங்கின் விறைப்பும் அதற்கேற்ற டாம்பரும் (ஷாக் அப்சார்பர்) முக்கியம். ஸ்டாண்டர்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விறைப்பான ஸ்பிரிங், அதை அடக்கும் டாம்பர், முன்னால் மைனஸ் 2.5 முதல் 3 டிகிரி வரை கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்வது மைனஸ்). சாலையில் இவ்வளவு கேம்பர் டயரின் உள் ஓரத்தைத் தின்றுவிடும், டிராக்கில் இதுதான் டயரைக் காப்பாற்றும். ஊகித்து வைக்க வேண்டாம். ஓடி வந்தவுடன் ஊசி முனை உள்ள வெப்பமானியால் டயரின் உள், நடு, வெளி மூன்று இடத்திலும் அளந்து பாருங்கள். வெளி ஓரம் அதிகச் சூடு என்றால் கேம்பர் பற்றவில்லை. நடு மட்டும் சூடு என்றால் காற்று அதிகம். உள் ஓரம் மற்றதைவிடக் கொஞ்சம் சூடாக இருந்தால் சரியாக இருக்கிறது.

முன் சக்கர டிரைவ் காரின் நோய், திருப்பத்தில் மூக்கு வெளியே போவது. முன் டயரே இழுக்கவும் வேண்டும், திருப்பவும் வேண்டும், பிரேக்கும் பிடிக்க வேண்டும். எடையிலும் அறுபது சதவீதத்துக்கு மேல் அதன் தலையில்தான். அதனால் பின்பக்கத்தை முன்பக்கத்தைவிட விறைப்பாக்குகிறோம். பின் ஸ்பிரிங்கைக் கூட்டும்போது திருப்பத்தில் உள்பக்கப் பின் சக்கரம் தரையை விட்டு எழும். படத்தில் பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அது வேண்டிச் செய்வது. உள்பக்க முன் சக்கரத்தில் எடை நிற்கும், அது சும்மா சுற்றாமல் இழுக்கும். இப்படி அமைத்த காரில் ஒன்றை உடம்பில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும்: வேகத் திருப்பத்தின் நடுவில் பயந்து ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் சுற்றிக்கொள்ளும். ஆகவே முதல் சில நாள் பின்பக்கத்தைக் கொஞ்சம் மென்மையாகவே வைத்து, கை பழகப் பழகக் கூட்டுங்கள். மழை நாளில் மறுபடி மென்மையாக்குங்கள்.

ஆர்ம் புஷ், இன்ஜின் மவுன்ட், வீல் பேரிங் எல்லாம் பதினைந்து வருடப் பழசு. இவற்றை மாற்றாமல் காயில்ஓவர் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-டாம்பர் செட்) வாங்குவது வீண்.

கடைசியாக இன்ஜின். சக்தி கூட்டும் முன் அதைக் காப்பாற்றும் வேலையைச் செய்யுங்கள். நீண்ட வேகத் திருப்பத்தில் ஆயில் முழுவதும் சம்ப்பின் (இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) ஒரு பக்கம் ஒதுங்கும். பம்ப்பின் உறிஞ்சு குழாய் காற்றை இழுத்தால் சில விநாடியில் பேரிங் போய்விடும். சம்ப்பைக் கழற்றி, உறிஞ்சு குழாயைச் சுற்றித் தடுப்புத் தகடு வெல்டு வைத்து வாங்குவது சாதாரண லேத் பட்டறை வேலைதான். கூடவே ஆயில் பிரஷர், ஆயில் சூடு இரண்டுக்கும் மீட்டர். ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, மூடியையும் ஹோஸ்களையும் புதிதாகப் போடுங்கள். அதன் பிறகும் பணம் இருந்தால் ஹெட்டர் (இன்ஜினிலிருந்து புகையை வெளியேற்றும் முதல் குழாய்கள்), எக்ஸாஸ்ட், இ.சி.யு. (இன்ஜினை இயக்கும் கணினி) டியூனிங் என்று போகலாம். இயற்கையாக மூச்சுவிடும் 1.2-இல் இதனால் கிடைப்பது கொஞ்சம்தான். என்னைக் கேட்டால், விதி அனுமதித்தால் அந்தக் காசுக்கு எல்.எஸ்.டி. (ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றாமல் தடுக்கும் டிஃபரன்ஷியல்) போடுவேன். திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது அது தரும் பலன் ஒவ்வொரு திருப்பத்திலும் கிடைக்கும். டர்போ வேண்டவே வேண்டாம். நாம் இவ்வளவு நேரம் வெளியேற்றப் பாடுபட்ட சூட்டை அது திரும்ப உள்ளே கொண்டுவரும்.

5 லட்சத்தையும் காரிலேயே போட்டுவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கையாவது ஓட்டுவதற்கு வையுங்கள்: டிரெய்லர், டிராக் கட்டணம், டயர், பேட், ஆயில், லைசென்ஸ் பயிற்சி. நன்றாகக் கட்டி முடித்து, ஓட்டக் காசில்லாமல் ஷெட்டில் தூங்கும் கார்களைப் பார்க்கும்போது மனது கஷ்டப்படுகிறது.

முதல் நாள் டிராக்குக்குப் போகும்போது லாப் டைமைப் பார்க்க வேண்டாம். இரண்டு சுற்று மெதுவாக, நாலைந்து சுற்று முக்கால் வேகத்தில், பிறகு பிரேக்கைத் தொடாமலே ஒரு முழுச் சுற்று ஆறவிட்டு பிட்டுக்கு வாருங்கள். நின்றதும் ஹேண்ட்பிரேக் இழுக்காதீர்கள், கியரில் போட்டு சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். சூடான டிரம்மை இறுக்கிப் பிடித்தபடி ஆறவிட்டால் அதன் வட்டம் கெடும். அப்புறம் பானட்டைத் திறந்து ஆயில் கசிவு, ஹோஸ் உரசல், பேட்டின் தடிமன் எல்லாம் பாருங்கள். கேஜ் கால்களில் வெல்டு ஓரமாக பெயின்ட் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். டயர் காற்றைச் சூட்டோடு அளந்து எழுதுங்கள். வீல் நட்டுகளைச் சக்கரம் ஆறியதும் டார்க் ரென்ச் வைத்து மறுபடி முறுக்கிவிட்டு அடுத்த செஷனுக்கு இறங்குங்கள்.